காடி எழுப்பும் மந்திரம்

ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தால் படித்தவர்கள் சிலேடை என்று கைதட்டுவார்கள். அப்பாசாமியைக் கேட்டால் அது கழுத்துக்குச் சுருக்குக் கயிறு என்பான். வண்டி என்ற ஒரு சொல்லில் தலையை நுழைத்துவிட்டு, வெளியே எடுக்க வழி தெரியாமல் முழித்தவன் அவன்.

சப்பான்காரன் வந்து இரண்டு வருஷம் முடியப்போகிற மார்கழி. காஜா பேராங் பக்கத்து ஆண்பிள்ளைகளை எல்லாம் மலாக்கா டவுன் ஆபீசுக்கு வரச்சொல்லி வெயிலில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். உபயோகமான வேலை பார்க்கிறவனுக்குக் கையில் கட்டிக்கொள்ள ஒரு துணிப் பட்டை. பட்டை கிடைக்காதவனுக்கு ரயில். சயாமுக்குப் போய்த் தண்டவாள வேலை செய்ய வேண்டும். சயாமுக்குப் போனவர்களைப் பற்றி ஊரில் ஒரே செய்திதான் உண்டு, ஒரு செய்தியும் இல்லை என்பதுதான் அது. அப்பாசாமியின் தம்பி சுப்பையனும் அப்படித்தான் போனான். போனவனைப் பற்றி ஒரு காக்கைகூட வந்து கரையவில்லை.

மேசைக்குப் பின்னால் சப்பான் அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்க்க ஆபீஸ் குமாஸ்தா மாணிக்கவாசகம் கிராணி. வெள்ளைக்காரன் காலத்திலும் அதே மேசையில், அதே மூக்குக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தவர்தான். கும்பிடும் கோணம் மட்டும் மாறியிருந்தது. அதிகாரிக்குத் தெரிந்தது அரைகுறை மலாய். கிராணிக்குத் தெரிந்த சப்பான் பாஷை, ஆமாம் போடுகிற 'ஹாய்' என்பதோடு சரி. ஆக, தமிழ் மலாயாகி, மலாய் அரைகுறையாகி, அதற்கப்புறம் அவனவன் தலையெழுத்து.

“என்ன வேல?” என்றார் கிராணி, தலையை நிமிர்த்தாமல்.

“வண்டி ஓட்டுறேங்க.”

அதில் ஒரு பொய்யும் இல்லை. மயிலை, செவலை என்று இரண்டு மாடுகள். தெங்கேராவுக்கும் காஜா பேராங்குக்கும் விறகும் மரவள்ளிக் கிழங்கும் ஏற்றி இறக்குகிற பிழைப்பு.

“கெரேத்தா” என்றார் கிராணி அதிகாரியிடம்.

மலாய்க்காரர்கள் பரந்த மனசுக்காரர்கள். மாட்டு வண்டியும் கெரேத்தா, மோட்டார் காரும் கெரேத்தா, ரயில்கூட கெரேத்தா ஆப்பி, நெருப்பு வண்டிதான். பின்னால் 'லெம்பு' என்று மாட்டுக்கு உரிய சொல்லைச் சேர்த்திருந்தால் காரியம் அங்கேயே முடிந்திருக்கும். கிராணிக்குப் பசி நேரம், சேர்க்கவில்லை. கார் ஓட்ட ஆள் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்த அதிகாரியின் முகம் மலர்ந்துவிட்டது. படபடவென்று ஏதோ சொன்னார். அதைக் கேட்ட மாணிக்கவாசகத்தின் முகம் சுண்டிவிட்டது.

“ஏய், ஒனக்கு மோட்டார் ஓட்டத் தெரியும்தான?”

“மோட்டாரா? நான் மாடு ஓட்டுறவங்க கிராணி ஐயா.”

“அடப்பாவி! மாடா?”

“காஜா பேராங்லேர்ந்து வந்தா யானையா ஓட்டுவாங்க?” காஜா என்றால் மலாயில் யானை.

கிராணி சிரித்த முகத்தை மாற்றாமல் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். “கேட்டுக்க. இப்போ தப்பாச் சொல்லிட்டேன்னு சொன்னா மொத அறை எனக்கு. ரெண்டாவது அறை ஒனக்கு. அப்புறம் நீ சயாமுக்கு, நான் ஒன் பின்னாலயே. செட்டிங்க குடியிருக்குற எடத்துல ஒரு பழைய வாடக மோட்டார்க் காடி கெடக்குதாம். பொங்கலன்னிக்கிக் காலையில அத இங்க ஓட்டிட்டு வரணும். வந்தா கைப்பட்ட, வரலன்னா ரயிலு. வாய மூடிக்கிட்டுக் கும்பிடு.”

இருவரும் சேர்ந்து இடுப்பு ஒடியக் கும்பிட்டார்கள்.

வீட்டில் பெண்டாட்டி அஞ்சலை கேட்டுவிட்டு முதலில் சிரித்தாள். “மாட்டுக்கு மூக்கணாங்கயிறு இருக்கு. காடிக்கு எங்க கயிறு போடுவ? வயித்துலயா?” பிறகு, சுப்பையன் படுக்கிற பாய் சுருட்டி வைத்திருந்த மூலையை ஒருதரம் பார்த்தாள். அதற்குமேல் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாசாமிக்கும் பயம்தான்; சோறு இறங்காத பயம். இறங்குவதற்குச் சோறும் இல்லை, கிழங்குதான் என்பது வேறு விஷயம்.

மறுநாள் காலை அவனும் கிராணியும் சிவகாமசுந்தரி வீட்டு வாசலில் நின்றார்கள். மலாக்கா செட்டிகளைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வட்டிக்கடைச் செட்டியார் வேறு, இவர்கள் வேறு. வந்து எத்தனையோ தலைமுறை ஆயிற்று. பேர் நம்முடைய பேர், சாமி நம்முடைய சாமி, பேச்சு மட்டும் மலாய். தமிழ் அவர்களுக்குக் கோயில் மணி மாதிரி. காதுக்கு இனிமை, அர்த்தம் கேட்கக் கூடாது. சிவகாமசுந்தரியின் புருஷன் கலியாணசுந்தரம் அந்த வாடகைக் காடியை வைத்து ஓட்டினவர். சப்பான்காரன் வந்து பெட்ரோலைப் பறித்துக்கொண்டதும், காடிக்குப் பின்னால் இரும்பு அடுப்பு ஒன்று மாட்டி, மரக்கரியின் புகையில் ஓட்டினார். அந்த வருஷமே காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். காடி கொல்லையில் தென்னங்கீற்றுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிவகாமசுந்தரி கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பருத்த உடம்பு, சாரோங், வெற்றிலைச் சிவப்பேறிய உதடு. “எப்படியும் எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க” என்றாள் மலாயில். “போறதுதான் போகுது, உனக்காவது உபயோகப்பட்டுப் போகட்டும் தம்பி.” மலாயில் பேசினாலும் தம்பி மட்டும் தமிழில் வந்தது.

கீற்றை விலக்கினார்கள். காடியைப் பார்த்ததும் அப்பாசாமி பழக்கதோஷத்தில் அதன் முன்பக்கத்தைத் தட்டிக்கொடுத்தான். மாணிக்கவாசகம் காடிகளின் பின்சீட்டில் நிறைய உட்கார்ந்திருக்கிறார். அவருடைய ஞானம் அந்த அளவு. முன்னால் தொங்கிய இரும்புக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும் என்பது இருவருக்குமே தெரிந்திருந்தது. சுற்றினார்கள். அப்பாசாமி சுற்றினான், கிராணி சுற்றினார், இருவரும் மாறிமாறிச் சுற்றினார்கள். கல்லில் நார் உரித்த கதைதான்.

“மொதல்ல கரி வேணும்” என்றார் கிராணி மூச்சு வாங்க. “கரி இல்லாம எப்படி?”

சிவகாமசுந்தரி உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் ஒரு பீங்கான் தட்டில் மரவள்ளிக் கிழங்கும் புளிபோட்ட மீன் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். மலாயில் கரி என்றால் குழம்பு. மரக்கரிக்கு அராங் என்று பெயர். கிராணி திருத்தலாம் என்று வாயைத் திறந்தார், குழம்பு வாசனை மூக்கில் ஏறியது, மூடிக்கொண்டார். சாப்பிட்டு முடித்த பிறகுதான் இருவருக்கும் அராங் என்ற சொல் ஞாபகம் வந்தது.

அடுப்பில் கரி போட்டு விசிறிக் கனல் பிடிக்க வைத்தும் காடி அசையவில்லை. அப்பாசாமி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

“மாமி, ஐயா காலையில கெளப்பும்போது என்னென்ன செய்வாரு? நெனப்பிருக்கா?” அவனுக்குத் தெரிந்த மலாயில் கேட்டான்.

“நான் எங்கே பார்த்தேன்? அந்த நேரம் நான் சமையல்கட்டில் இருப்பேன்” என்றாள். அப்புறம் தலையைச் சாய்த்துக்கொண்டு, “ஆனால் தினம் கேட்டிருக்கிறேன்” என்றாள்.

அங்கேதான் காரியம் திரும்பியது. சிவகாமசுந்தரி சமையல்கட்டுக்குள் போய், அம்மிக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். புருஷன் காடி எழுப்பும் சத்தங்களை வரிசையாகச் சொன்னாள். முதலில் கிரீச். அப்புறம் ஊஃப். அப்புறம் டொக் டொக். அப்புறம் க்ளுக் க்ளுக். அதற்கப்புறம் ஒரு மந்திரம். கடைசியாகக் கைப்பிடி சுற்றும் கரகரப்பு, ஒரு இருமல், காடி புறப்பட்டுவிடும்.

“என்ன மந்திரம்?” என்றார் கிராணி ஜன்னல் வழியாக.

“தமிழ் மந்திரம். குளிக்காமல் சொல்லக் கூடாது. முதலில் மற்றதைப் பாருங்கள்.”

கிரீச் சுலபமாகக் கிடைத்தது. காடியின் முன்மூடியைத் தூக்கினால் அதுவே கிரீச்சிட்டது. ஊஃப் என்பது வாயால் ஊதுவது. எதை ஊத? அடுப்பிலிருந்து முன்னால் வரும் குழாயைக் கழற்றி அப்பாசாமி ஊதினான். கன்னம் இரண்டும் பலூனாகி, கண் வெளியே வந்ததுதான் மிச்சம். குழாய் அடைத்திருந்தது. ஈர்க்குச்சியால் குத்தினால் உள்ளேயிருந்து மண்ணாக உதிர்ந்தது. குளவி ஒன்று அழகாக வீடு கட்டி, பிள்ளை குட்டியோடு குடியிருந்திருக்கிறது. மறுபடி ஊதினான். ஊஃப்!

“இத்து டியா!” என்று சமையல்கட்டிலிருந்து குரல் வந்தது. அதேதான் என்று பொருள்.

டொக் டொக்தான் பிராணனை வாங்கியது. எதைத் தட்டினால் அந்தச் சத்தம்? அப்பாசாமி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு சக்கரத்தைத் தட்டினான். “புக்கான்!” என்றாள் உள்ளேயிருந்து. இல்லையாம். விளக்கைத் தட்டினான். புக்கான். அடுப்பைத் தட்டினான். புக்கான், அது சட்டி மாதிரி கேட்கிறது. கிராணி தாமே ஸ்பேனரை வாங்கி, தெரியாமல் தம் முழங்காலில் தட்டிக்கொண்டு ஐயோ என்றார். அதுவும் புக்கான். கடைசியில் எஞ்சினின் பக்கவாட்டில் குங்குமச் சிமிழ் அளவில் ஒரு பித்தளைக் கிண்ணம் ஒட்டிக்கொண்டிருப்பது அப்பாசாமியின் கண்ணில் பட்டது. டொக் டொக்.

உள்ளேயிருந்து குரல் வரவில்லை. சிவகாமசுந்தரி எழுந்து வாசலுக்கே வந்துவிட்டாள். கண் கலங்கியிருந்தது. “இத்து டியா” என்றாள் மெல்ல.

பித்தளைக் கிண்ணத்தைத் திறந்தால் காய்ந்து கிடந்தது. க்ளுக் க்ளுக் என்ன என்பது அப்போது கிராணிக்கே விளங்கியது. கரிப்புகை தானாக எஞ்சினை எழுப்பாது. எழுப்புவதற்கு இரண்டு மடக்கு பெட்ரோல் ஊற்ற வேண்டும், எழுந்த பிறகுதான் புகை. மலாக்கா முழுக்கச் சலித்தாலும் ஒரு சொட்டுப் பெட்ரோல் சப்பான்காரன் கையில் தவிர வேறெங்கும் கிடையாது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது.

“போச்சு” என்றான் அப்பாசாமி. “அஞ்சலகிட்ட மாட்டுக்குப் புல்லு போடுற நேரத்தச் சொல்லிட்டு வரணும்.” கிராணி வேறு பக்கம் பார்த்தார்.

சிவகாமசுந்தரி இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். “இருக்கிறது. ஆனால் அது அவருடையது” என்றாள்.

செட்டிகள் போகியன்று இறந்தவர்களுக்குப் படையல் போடுவார்கள். பார்ச்சு என்று பெயர். போனவருக்கு எது பிடிக்குமோ அதுதான் இலையில் வைக்க வேண்டும். கலியாணசுந்தரத்துக்குப் பிடித்தவை மூன்று: புளிபோட்ட மீன், சுருட்டு, காடி. காடியை இலையில் வைக்க முடியாதல்லவா? அதனால் அவர் பதுக்கி வைத்திருந்த கடைசிப் பெட்ரோல் பாட்டிலை, கார்க்கோடு, போன வருஷப் பார்ச்சுக்கு இலையின் ஓரத்தில் வைத்து, மறுபடி சாமி அலமாரிக்குள் பூட்டிவிட்டாள்.

“படைத்த சாப்பாட்டை அப்புறம் நாமதானே சாப்பிடுகிறோம்” என்றாள். “அவர் முதலில் குடிக்கட்டும். மிச்சத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். போகி வரைக்கும் பொறுங்கள்.”

போகியன்று இருவரும் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வந்தார்கள். அந்தப் பஞ்சத்திலும் இலையில் மீன் இருந்தது. சுருட்டுக்குப் பதில் உலர்ந்த வாழையிலையைச் சுருட்டி வைத்திருந்தாள். படத்தில் கலியாணசுந்தரம் தொப்பியோடு முறைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் குத்துவிளக்கு. குத்துவிளக்குக்குப் பக்கத்தில் பாட்டில்.

“வெளக்குப் பக்கத்துல பெட்ரோலா!” கிராணி இரண்டடி பின்னால் தாவினார். “ஐயாகூட நாமளும் சேந்து சாப்புட வேண்டியதுதான்.” பாட்டிலைக் கொஞ்சம் தள்ளிவைத்த பிறகுதான் அவர் கைகூப்பினார்.

சிவகாமசுந்தரி சூடம் ஏற்றினாள். கண்ணை மூடினாள். புருஷன் படத்துக்கு நேராக முகத்தை உயர்த்தி, பயபக்தியோடு, இழுத்து இழுத்து மந்திரத்தைச் சொன்னாள்.

“நாசமா போரா மூதேவீ… எந்ரிச்சி தொலா…”

அப்பாசாமி நாக்கைக் கடித்துக்கொண்டான். கிராணிக்கு இருமல் வந்து, அடக்கி, மூக்கு வழியாகப் புறப்பட்டது. அவள் மூன்று முறை சொன்னாள். மூன்று முறையும் தேவி என்ற இடத்தில் குரல் குழைந்தது.

முன்னோர்கள் சாப்பிடும்போது உயிரோடு இருப்பவர்கள் எட்டிப் பார்க்கக் கூடாது. கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தார்கள். அவள் வெற்றிலைப் பெட்டியை எடுக்கப் போன நேரத்தில் இருவரும் வேலியோரம் ஒதுங்கினார்கள்.

“ஐயா தோட்டத்து ஆளுங்கள ஏத்திட்டுப் போவாருல்ல, அங்க பொறுக்குன தமிழு” என்றான் அப்பாசாமி. “காடி கெளம்பலன்னா திட்டியிருக்காரு. அந்தம்மா சாமி மந்திரம்னு நெனச்சிருக்காங்க. நீங்க எடுத்துச் சொல்லிடுங்க கிராணி ஐயா. மொழிபேக்குறவரு நீங்கதான?”

“நான் மொழிபேத்த லட்சணம்தான் நீ இங்க நிக்கிற. அந்த மொகத்தப் பாத்த பொறவு எப்படி சொல்றது? நீயே சொல்லு.”

யாரும் சொல்லவில்லை.

கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனார்கள். சிவகாமசுந்தரி பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். “ஒரு விரல் குறைந்திருக்கிறது. குடித்துவிட்டார்” என்றாள் திருப்தியாக. கார்க் பழசாகி ஆவி போயிருக்கும் என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் துணிச்சல் இல்லை.

பொங்கலன்று விடிந்ததும் கனல் போட்டார்கள். கிரீச். ஊஃப். டொக் டொக். க்ளுக் க்ளுக். அப்பாசாமி கைப்பிடியைச் சுற்றினான். காடி ஒருதரம் இருமிவிட்டுப் பேசாமல் இருந்தது. மறுபடி சுற்றினான். அந்த இருமலும் வரவில்லை.

“மந்திரம் சொல்லவில்லையே” என்றாள் சிவகாமசுந்தரி.

நல்ல நாளும் அதுவுமாக, ஒரு பொம்பளை முன்னால், அந்த வார்த்தையை எப்படிச் சொல்வது? அப்பாசாமி உதட்டுக்குள் முணுமுணுத்துவிட்டுச் சுற்றினான். ஒன்றுமில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. டவுனில் அதிகாரி காத்திருப்பார். சுப்பையனை ஏற்றிக்கொண்டு போன ரயில் எப்படிக் கூவியது என்பது இவனுக்கு ஞாபகம் வந்தது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கத்திவிட்டான்.

“நாசமாப் போற மூதேவி, எந்திரிச்சுத் தொல!”

தெருமுனை வரை கேட்டது. கை தானாகச் சுற்றியது. காடி உடம்பெல்லாம் உதறி, கறுப்பாக ஒரு தும்மல் போட்டு எழுந்துவிட்டது. கிராணி பயந்துபோய் காடிக்கும் ஒரு கும்பிடு போட்டார்.

ஓட்டியதைப் பற்றி அதிகம் சொல்லாமல் இருப்பது அப்பாசாமிக்கு மரியாதை. நிறுத்த வேண்டிய இடத்தில் எல்லாம் ஸ்டியரிங் வளையத்தைக் கடிவாளமாகப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டு “ஓவ், ஓவ்” என்றான். காடிக்கு அந்தப் பாஷை புரியவில்லை. பக்கத்தில் கிராணி தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டார். மிச்சப் பெட்ரோலைப் பிறர் கையில் கொடுக்க மாட்டேன் என்று சிவகாமசுந்தரி பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். நல்ல வேளை, தெங்கேரா ரோட்டில் எதிரே வந்தவை கோழிகள் மட்டுமே. அவற்றுக்குப் புத்தி இருந்தது.

ஆபீஸ் வாசலில் காடியை நிறுத்தியது அப்பாசாமி அல்ல, மதில் சுவர். மெதுவாக முட்டிக்கொண்டு உயிரை விட்டது. அதிகாரி படியிறங்கி வந்தார். காடியைச் சுற்றிப் பார்த்தார். மறுபடி கிளப்பிக் காட்டு என்று கைப்பிடியைக் காட்டினார்.

வரிசையில் நின்ற தமிழ் ஆட்கள் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். அப்பாசாமி தட்டினான். இருந்த பெட்ரோலைக் கடைசிச் சொட்டு வரை ஊற்றினான். சுற்றினான். காடி கிடந்த கிடையில் கிடந்தது. அதிகாரியின் பார்வை அவன் முகத்திலிருந்து இறங்கி, பட்டையில்லாத கைக்கு வந்து நின்றது.

“தம்பி!” பின்சீட்டிலிருந்து தலையை நீட்டினாள் சிவகாமசுந்தரி. “மந்திரம்!”

தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? அப்பாசாமி காடிக்கு நேராகக் கைகூப்பி நின்றான். திருநீற்று நெற்றியும் தானுமாகக் கோயிலில் நிற்பதுபோல் நின்று, ஊரறிய அந்த மந்திரத்தைச் சொன்னான். வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் குனிந்து கால் விரல்களைப் பார்த்தார்கள். சிரித்தால் அறை விழும். சிரிக்காவிட்டால் வயிறு வெடிக்கும். அப்பாசாமி கைப்பிடியைச் சுற்றினான்.

காடி எழுந்தது.

அதிகாரி கிராணியின் பக்கம் திரும்பினார். என்ன சொன்னான் என்று கேட்டார். மாணிக்கவாசகம் தம் வாழ்நாளில் செய்த மொழிபெயர்ப்புகளிலேயே சிறந்ததைச் செய்தார்.

“பிரார்த்தனை, துவான். தேவியை எழுந்திருக்கச் சொல்கிறான்.”

ஆராய்ந்து பார்த்தால் அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதிகாரி மகிழ்ந்துபோனார். தினமும் காலையில் இதைச் சொல்லித்தான் காடியைக் கிளப்ப வேண்டும் என்று உத்தரவு போட்டார். தாமும் காடிக்கு முன்னால் நின்று, குனிந்து, சொல்லிப் பழகினார். “நாசாமா போரு மூதேபி, எந்திரிச்சு தொரை.” தொலை என்பது அவர் வாயில் தொரை ஆனது பொருத்தமாகத்தான் இருந்தது. பட்டை அப்பாசாமியின் கைக்கு வந்தது. கிராணிதான் கட்டிவிட்டார்.

சாயங்காலம் காலி பாட்டிலோடு சிவகாமசுந்தரி வீட்டுக்குப் போனான். காடி அவளுக்குத் திரும்பி வராது. இதையாவது கொடுக்க வேண்டும்.

அவள் பாட்டிலை வாங்கிச் சாரோங் நுனியால் துடைத்தாள். “அந்த மந்திரத்துக்கு என்ன அர்த்தம் தம்பி?”

அப்பாசாமி தயாராகத்தான் வந்திருந்தான். “தாயே, எழுந்தருள்னு அர்த்தம் மாமி.”

அவள் அவனையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

“உன் பெண்டாட்டியிடமும் இப்படித்தான் பொய் சொல்லுவாயா?” என்றாள். “கல்யாணமான புதிதில் ஒருநாள் மீனைத் தீய்த்துவிட்டேன். அவர் கரண்டியை வீசிக்கொண்டே இதே மந்திரத்தைத்தான் சொன்னார். கரண்டி பறந்து வரும்போது அர்த்தம் யாராவது சொல்லித்தர வேண்டுமா?”

“அப்போ… தெரிஞ்சேதான் படையல்ல…?”

“அவர் இருந்தவரை ஒருதடவை திருப்பிச் சொல்ல முடிந்ததா? இப்போது நான் சொல்வேன், அவர் கேட்டுக்கொண்டு படத்தில் இருக்க வேண்டியதுதான்.” மறுபடி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுபோனது. பாட்டிலைத் திருப்பித் திருப்பித் துடைத்தாள். “அதைச் சொன்னால் காடி எழுந்துவிடும். என்னைப் பார்த்துச் சொன்னால் நானும் எழுந்து ஓடுவேன். சரி, அவரிடமும் சொல்லிப் பார்ப்போமே என்றுதான்.”

உள்ளே போய், காலி பாட்டிலைப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை ஆபீஸ் வாசலில் அதிகாரியும் கிராணியும் நின்றார்கள். எழுப்புவதற்கு அளந்து ஊற்றிய சப்பான் பெட்ரோல் பித்தளைக் கிண்ணத்தில் இருந்தது. அப்பாசாமி கைகூப்பி மந்திரத்தைச் சொல்லிக் கைப்பிடியைச் சுற்றினான். காடி சமர்த்தாக எழுந்தது. அவன் உடனே ஏறி உட்காரவில்லை. தண்டவாளம் போகிற வடக்குப் பக்கமாகத் திரும்பி நின்றான்.

“நாசமாப் போறவனே சுப்பையா, எந்திரிச்சு வந்து தொலடா.”

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அதிகாரிக்குக் கேட்டுவிட்டது. காடிதான் கிளம்பிவிட்டதே, இரண்டாவது பிரார்த்தனை எதற்கு என்று கிராணியிடம் கேட்டார்.

மாணிக்கவாசகம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அது இன்னொரு கெரேத்தாவுக்கு, துவான்” என்றார்.

ரயில் என்றால் பின்னால் வர வேண்டிய ஆப்பி என்ற சொல்லை அவர் சேர்க்கவில்லை. இந்தத் தடவை தெரிந்தே விட்டுவிட்டார்.